பதினேழாம் பிளாக் சுரைக்கொடி

முதல் காய் ஐந்தாம் மாடியில், சுபைதா வீட்டு அடுப்பங்கரை ஜன்னலுக்கு வெளியே தொங்கியது. முந்தின நாள் சாயங்காலம் அந்த இடத்தில் ஒரே ஒரு வெள்ளைப் பூ இருந்ததை எதிர் பிளாக்கில் துணி காயப்போட்டவர்கள்கூடப் பார்த்திருந்தார்கள்; புதன்கிழமை காலை தண்ணீர் லாரி ஹாரன் அடித்தபோது அங்கே முழங்கை நீளத்துக்கு ஒரு சுரைக்காய், நகம் வைத்தால் இறங்குகிற இளசாக, கதவைத் தட்ட வந்த ஆள் மாதிரி ஜன்னல் கம்பியில் லேசாக முட்டிக்கொண்டிருந்தது. ஒரே ராத்திரியில் இத்தனை பெரிய காயா என்று யாரும் கேட்கவில்லை. அது மொட்டைமாடித் தோட்டத்துக் கொடி, தன் இஷ்டத்துக்குத்தான் எதையும் செய்யும் என்பது பதினேழாம் பிளாக்குக்கு அதற்குள் தெரிந்திருந்தது. சுபைதா கையை வெளியே விட்டு அறுத்தாள், சமைத்தாள், அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அந்த பிளாக்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். நகரம் முடிந்து சதுப்பு நிலம் தொடங்குகிற இடத்தில், எட்டு மாடி, மாடிக்குப் பன்னிரண்டு வீடு. கால்வாய்க்கரையில் இருந்தவர்கள், ரயில்பாதை ஓரத்தில் இருந்தவர்கள், துறைமுகத்துக்குப் பின்னால் இருந்தவர்கள் என்று எங்கெங்கோ கிடந்தவர்களைச் சட்டிபானையோடு லாரியில் ஏற்றிவந்து ஒரே கட்டடத்தில் இறக்கியிருந்தார்கள். மூன்று வருஷமாகியும் ஒரு கூட்டத்துக்காரர் வாசலில் இன்னொரு கூட்டத்துக்காரர் செருப்பைக் கழற்றியதில்லை. மாடிப்படியில் எதிர்ப்பட்டால் மட்டும் ‘சாப்ட்டாச்சா?’ என்பார்கள். கேட்டவர் பதிலுக்கு நிற்க மாட்டார், கேட்கப்பட்டவரும் நிற்காமலே ‘ஆச்சு’ என்று சொல்லிவிட்டுப் படியிறங்குவார். வயிறு முதுகோடு ஒட்டிக் கிடந்தாலும் ஆச்சு, ரெண்டு நாளாக உலையே வைக்காவிட்டாலும் ஆச்சு. அதில் எது நிஜம், எது பொய் என்று நின்று பார்க்க யாருக்கு நேரம் இருந்தது?

மொட்டைமாடியில் தோட்டம் போட்டவள் தேசம்மா. மூன்றாம் மாடி, ஐம்பத்தெட்டு வயது, கால்வாய்க்கரைக் கூட்டம். ஏதோ ஓர் அமைப்பிலிருந்து இரண்டு பெண்கள் வந்து வீட்டுக்கு வீடு விதைப் பொட்டலம் கொடுத்து, போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். மற்றவர்கள் பொட்டலத்தைப் பரண்மேல் எறிந்துவிட, தேசம்மா மட்டும் உடைந்த தண்ணீர்த் தொட்டி, பெயின்ட் டப்பா, மீன் வரும் தெர்மாக்கோல் பெட்டி, யாரோ வீசிய வாஷிங் மெஷின் டிரம் என்று கைக்குக் கிடைத்ததிலெல்லாம் மண்ணைக் கொட்டி விதை போட்டாள். தினமும் காலையில் பெரிய பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு மாடி மாடியாகப் போய் ஈரக்குப்பை வாங்குவாள். வெங்காயத்தோல், முட்டை ஓடு, டீத்தூள், மீன் செதில் எல்லாம் அந்தப் பக்கெட்டில் விழும், அதை மக்கவைத்து எருவாக்கிச் செடிக்குப் போடுவாள். நாற்றம் என்று மூக்கைப் பிடித்தவர்கள் தக்காளி சிவந்ததும் மூச்சு வாங்கப் படியேறி வந்தார்கள். வெண்டை வந்தது, கத்தரி வந்தது, அரைக்கீரை அறுக்க அறுக்கத் தழைத்தது. குழாயடியில் குடத்தால் அடித்துக்கொண்ட பெண்கள் ஒரே பைப்பில் வாளி பிடித்துச் செடிக்கு ஊற்றிவிட்டுச் சத்தமில்லாமல் இறங்கினார்கள். வாரத்துக்கு இரண்டு நாள் பங்கு. பிரித்துக் கொடுப்பது தேசம்மா, அதில் அவள் தனக்குப் போட்டுக்கொண்ட சட்டம் ஒன்றே ஒன்று: பார்த்துக்கொள்கிறவள் எடுக்கக் கூடாது. எனக்கு அப்பவே எடுத்து வெச்சிட்டேன் என்று சொல்லி, கடைசிக் கீரைத்தண்டு வரை அடுத்தவர் மடியில் போட்டுவிட்டுக் காலி முறத்தோடு இறங்குவாள். எடுத்து வைத்ததில்லை, ஒரு நாளும்.

அதற்குக் காரணம் அவள் புருஷன் கோதண்டம். கால்வாய்க்கரையில் அவர் தெருவுக்குப் பெரிய மனுஷர் மாதிரி. பெருவெள்ளம் வந்தபோது யாரோ புண்ணியவான்கள் அனுப்பிய அரிசியைப் பிரித்துக் கொடுக்கிற பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. நாலாம் நாள் அவர் வீட்டுக் கட்டிலுக்கு அடியிலிருந்து மூன்று மூட்டை அரிசியை இழுத்து வெளியே போட்டார்கள். வரிசையில் வந்து நிற்கக் கூச்சப்படுகிறவர்களுக்கு ஆள் நடமாட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துக் கொடுக்க வைத்திருந்தேன் என்றார் கோதண்டம். யார் அவர்கள் என்று கேட்டார்கள். பேர் சொல்ல மாட்டேன் என்றார். அவ்வளவுதான், ரேஷன் கடை வாசலில் வைத்து அவருக்குத் திருடன் பட்டம் கட்டிவிட்டார்கள். தேசம்மாவும் அவரை நம்பவில்லை. திருட்டு அரிசி கிடந்த வீட்டில் உலை வைக்க மாட்டேன் என்று பானையைக் கவிழ்த்தாள். அவரும் சோறு போடு என்று கேட்கவில்லை, எங்கே சாப்பிட்டார், சாப்பிட்டாரா என்று இவளும் கேட்கவில்லை. இருபதாம் நாள் காய்ச்சல் கண்டு போய்ச் சேர்ந்தார். அன்றிலிருந்து தன் கை சுத்தம் என்று ஊருக்குக் காட்டுவது ஒன்றுதான் தேசம்மாவுக்கு வேலை. வெள்ளத்தில் போன ரேஷன் கார்டுக்குப் பதில் கார்டு எழுதி வாங்கக்கூட அவள் பழைய கடைக்குப் போகவில்லை, அந்த வாசலில் மறுபடி நிற்க அவளால் ஆகாது.

சுரை விதை அந்தப் பொட்டலத்தில் கடைசியாகக் கிடந்தது. அந்த உடைந்த தண்ணீர்த் தொட்டியில் ஊன்றினாள். கொடி ஒரு மாதம் மாடியில் சுற்றித் திரிந்துவிட்டுக் கைப்பிடிச் சுவரைத் தாண்டிக் குதித்தது, எட்டாம் மாடி, ஏழாம் மாடி என்று இறங்கித் தரைவரை வந்தது, கட்டடத்தைச் சுற்றி ஒரு ஜன்னல் விடாமல் எட்டிப் பார்த்தது, ஜன்னலே இல்லாத மேற்குச் சுவரைக்கூட விடாமல் மூடியது. சாயங்காலமானால் கட்டடம் முழுக்க வெள்ளையாகப் பூக்கும். ஆறு மாதம் பூத்துக்கொண்டே இருந்தது, ஒரு பிஞ்சு நிற்கவில்லை. அதற்கப்புறம்தான் சுபைதா ஜன்னலில் முதல் காய்.

இரண்டாவது காய் ரயில்பாதைக்காரர் ஒருவர் வீட்டில் தொங்கியது, மூன்றாவது எட்டாம் மாடிக் கோடி வீட்டில். அதிர்ஷ்டம் என்றார்கள், கைராசி என்றார்கள், எங்கள் சாமிக்கு உங்கள் சாமியைவிடச் சக்தி அதிகம் என்றும் ஒரு கட்சி கிளம்பியது. கொடியைத் தங்கள் ஜன்னலுக்கு நூல் கட்டி இழுத்தவர்கள் உண்டு, அதற்குப் பால் தெளித்தவர்கள் உண்டு. அவர்கள் வீட்டில் ஒன்றும் காய்க்கவில்லை. விஷயம் பிடிபட்டது தேசம்மாவுக்குத்தான். எட்டாம் மாடிக் கோடி வீட்டில் அன்று காய் தொங்குவதைப் பார்த்துக்கொண்டே ஈரக்குப்பை கேட்டாள், இன்னிக்கு ஒண்ணும் இல்லக்கா என்று கதவு பாதி திறந்து மூடியது, நேற்றும் அதே கதவு அதையேதான் சொன்னது என்று ஞாபகம் வந்தது. அப்படியே நின்று யோசித்தாள், ரயில்பாதைக்காரர் வீட்டிலும் இரண்டு நாள் குப்பை இல்லை, சுபைதா வீட்டில் செவ்வாய்க்கிழமை வெங்காயத்தோல்கூட இல்லை. சமைக்காத வீட்டில் தோல் எங்கிருந்து வரும்? பக்கெட்டைப் படியிலேயே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

நேரே ஐந்தாம் மாடிக்குப் போய்ச் சுபைதாவிடம் கேட்டாள். சுபைதா ஜாக்கெட் தைக்கிறவள், பச்சை நூலை வாயில் கடித்தபடி, புருஷன் ஆட்டோ பதினோரு நாளாகப் பழுதாகி ஷெட்டில் கிடப்பதையும், அந்தக் காய் வந்த அன்று பிள்ளைகளுக்கு டீயில் தோய்க்க ரொட்டிகூட இல்லாததையும் சொன்னாள். தினமும் படியில் தன்னைப் பார்த்து ஆச்சு என்று சிரித்துக்கொண்டு போன பெண்.

இப்படிப்பட்ட சேதி எத்தனை நாள் ஒளிந்திருக்கும்? பத்தே நாளில் பிளாக் முழுக்கத் தெரிந்துபோயிற்று: எந்த வீட்டில் பசியோ அந்த ஜன்னலில் காய். சுரைக்காய் ஒரே ராத்திரியில் வளர்வதில் பேச்சுமூச்சற்றுப் போகாத ஜனம், அது காட்டிக்கொடுத்ததில் பேச்சுமூச்சற்றுப் போனது. இஸ்திரி மடிப்புக் கலையாமல் வேலைக்குப் போகிறவர் வீட்டில் தொங்கியது. வாரம் ஒருமுறை பிரியாணி வாசனை வருகிற வீட்டில் மற்ற ஆறு நாளும் தொங்கியது. எல்லாவற்றையும்விடப் பெரிய அதிர்ச்சி ஏழாம் மாடி ராஜகாந்தம் வீட்டில். தினமும் மீன் வறுக்கிற வீடு அது, ஈரக்குப்பையில் பாதி அவர்கள் வீட்டுச் செதில்தான்; காய் அவர்கள் அடுப்பங்கரை ஜன்னலில் வரவில்லை, பின்பக்கம் துணி துவைக்கிற இடத்துச் சின்னஞ்சிறு ஜன்னலில் வந்து நின்றது. அங்கே உட்கார்ந்திருப்பது அந்த வீட்டு மருமகள் ஒருத்திதான். கீழே நின்று அண்ணாந்து பார்த்த பெண்கள் கலைந்து போனார்கள். மறுநாளிலிருந்து செடிக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் போதவில்லை என்று அந்த மருமகளை யாராவது ஒருத்தி வந்து மாடிக்குக் கூப்பிட்டுக்கொண்டு போவதும், தண்ணீர் ஊற்றுமுன் அவள் கையில் ஒரு தூக்குவாளியைக் கொடுப்பதும் வழக்கமானது. ராஜகாந்தம் ஒரு மாதம் யார் முகத்தையும் பார்க்கவில்லை, அப்புறம் அந்தச் சின்ன ஜன்னலில் காய் வருவது தானாக நின்றது.

ஆனால் மானம் என்று ஒன்று இருக்கிறதே. பொழுது விடியுமுன் காயை அறுத்துப் புடவைக்குள் மறைத்தார்கள், ஜன்னலை அட்டை வைத்து அடைத்தார்கள், தன் வீட்டுச் சுவரில் கொடியைக் கத்தரித்துப் பார்த்தார்கள், அது மறுநாளே வந்து எட்டிப் பார்த்தது. கடைசியில் வண்டி நிறுத்துகிற இடத்தில் கூட்டம் போட்டார்கள். கொடியை வெட்டியே ஆக வேண்டும் என்று எழுந்து நின்றவன் கன்னியப்பன், தண்ணீர் மோட்டார் போடுகிறவன், தேசம்மாவுக்குக் கால்வாய்க்கரைத் தெருக்காரன், கோதண்டத்தை அண்ணன் என்று கூப்பிட்டவன்.

“பசிச்சா பசிச்சிட்டுப் போறோம். அத்த ஊருக்கே தண்டோரா போட இது யாரு? நாளிக்கே அடியோட வெட்டிட்றேன்.”

தேசம்மா உட்கார்ந்த இடத்திலிருந்தே பேசினாள்.

“வெட்டிரு கன்னியப்பா. வெட்டிட்டா பசி பூடுமா? நான் ஒண்ணு சொல்றேன். யாரும் யாரையும் ஒண்ணும் கேக்க வாணாம். காய் தொங்கிச்சின்னா மேல் வூட்டுக்காரங்களும் கீழ் வூட்டுக்காரங்களும் அரிசியோ பருப்போ வாசல்ல வெச்சிட்டுப் பூடணும். யாருக்குன்னு கேக்கக் கூடாது. பேர சொல்லக் கூடாது.”

அது நல்ல ஏற்பாடாகத்தான் இருந்தது. காய் வந்த வீட்டு வாசலில் காலையில் ஒரு படி அரிசி இருக்கும், ஒரு டம்ளர் எண்ணெய் இருக்கும், சில நாள் நாலு கருவாடும் இருக்கும். சாயங்காலம் அந்த வீட்டுக்காரி சுரைக்காய்க் கூட்டு வைத்து மேலே ஒரு கிண்ணம், கீழே ஒரு கிண்ணம் அனுப்புவாள், வாங்கினவள் என்ற பேர் அவளுக்கும் வராது. துறைமுகத்துக்காரி வைக்கிற கூட்டில் நெத்திலி இருக்கும், ரயில்பாதைக்காரி தேங்காய் அரைத்து ஊற்றுவாள், சுபைதா பட்டை கிராம்பு போடுவாள், எது ருசி என்று சண்டை போடுகிற அளவுக்கு பிளாக் ஒன்றுக்குள் ஒன்றாகிவிட்டது. கிண்ணங்கள் வீடு மாறி வீடு மாறி எது யாருடையது என்று தெரியாமல் போனது. இன்னொன்றும் போனது, அதை யாரும் கவனிக்கவில்லை. படியில் எதிர்ப்பட்டால் சாப்ட்டாச்சா என்று கேட்பது நின்றுபோயிற்று. பசித்தால் கொடி சொல்லப்போகிறது, நாம் எதற்குக் கேட்க வேண்டும் என்று இருந்துவிட்டார்கள். காலையில் எழுந்ததும் வெளியே வந்து கட்டடத்தை ஒரு முறை அண்ணாந்து பார்த்தால் தீர்ந்தது.

இது நடந்த வருஷம் ஐப்பசியில் தெருமுனை மெஸ்ஸை மூடிவிட்டு அதன் முதலாளி சொந்த ஊருக்குப் போய்விட்டார். தேசம்மா அங்கே விடிகாலையில் வெங்காயம் உரித்துக் கொடுத்துவிட்டு வயிறாரச் சாப்பிடுகிறவள், அந்த ஒரு வேளைதான் அவளுக்கு ஒரு நாளையே ஓட்டும். மெஸ் மூடிய மறுநாள் டீத்தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்தாள். அதற்கடுத்த நாள் காலை ஜன்னலைத் திறந்தால், முழங்கை நீளத்துக்குக் காய்.

அவள் அரண்டுபோய் ஜன்னலைச் சாத்தினாள். பார்த்துக்கொள்கிறவள் எடுக்கக் கூடாது. அதைவிட, தொண்ணூற்றாறு வீட்டுக்குப் பங்கு போட்டுக் கொடுக்கிறவள் வாசலில் இன்னொருத்தி அரிசி வைத்துவிட்டுப் போவதா? கத்தியை எடுத்து ஒரே இழுப்பில் அறுத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். மறுநாள் இன்னொன்று. அதற்கு மறுநாள் அதைவிடப் பெரிதாக. சமைத்துத் தின்றால் என்ன என்று வயிறு கேட்டது, தின்றால் நீயும் அந்த மூட்டைக்காரர் பெண்டாட்டிதான் என்று மனசு சொன்னது, அவள் மனசுக்குத்தான் கட்டுப்பட்டாள். தன் வீட்டில் சமையல் நடப்பதாகக் காட்டிக்கொள்ள வேண்டுமே, அதற்காகப் பெரிய பக்கெட்டிலிருந்து மற்றவர் வீட்டுத் தோலை ஒரு பிடி எடுத்துத் தன் சின்னப் பக்கெட்டில் போட்டு வாசலில் வைத்தாள். பங்கு போட்டாள், எனக்கு எடுத்து வெச்சிட்டேன் என்றாள். வழக்கமான கடுங்காப்பியும் யாரோ கொடுத்த பொறையுமாகப் பதினைந்து பதினாறு நாள் ஓடியது, கைப்பிடிச் சுவரைப் பிடிக்காமல் மாடியேற முடியவில்லை, கடைசி நாட்களில் ஐந்தாம் மாடிக்கு மேல் குப்பை வாங்கவும் போகவில்லை, அப்போதும் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்பது அவள் போட்ட சட்டம்.

அறுத்த காய் உலையேறாமல் அடுத்த ஜன்னலுக்குப் போகக் கூடாது என்று இருந்ததோ என்னவோ, அந்தப் பதினாறு நாளும் கொடி வேறு ஒரு ஜன்னலிலும் காய்க்கவில்லை. பிளாக் முழுக்க எல்லோருக்கும் வயிறு நிறைந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டார்கள், ஒருவர்கூட வேறு மாதிரி நினைக்கவில்லை. பதினாறாம் நாள் ஆறாம் மாடியில் பெயின்ட் அடிக்கிற பலராமனின் மகள் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிப் படியில் மயங்கி விழுந்தாள். தூக்கித் தண்ணீர் தெளித்துக் கேட்டால், சாரத்திலிருந்து விழுந்து காலை ஒடித்துக்கொண்ட பலராமன் வீட்டில் மூன்று நாளாக அடுப்பு எரியவில்லை; காய் வரும், காய் வரும் என்று ஜன்னலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம் என்றாள் அவன் பெண்டாட்டி. காய் ஏன் வரவில்லை, வந்த காய் எங்கே போனது? கீழே இறங்கிக் கொடியை ஒவ்வொரு மாடியாகப் பார்த்தார்கள். மூன்றாம் மாடியில் தேசம்மா ஜன்னலைச் சுற்றிப் பதினாறு காம்பு, கத்தியால் அறுபட்டு, பால் காய்ந்து நின்றது.

கதவு தாழ் போட்டிருக்கவில்லை. முதலில் உள்ளே போனவன் கன்னியப்பன், செல்போன் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தான், பார்த்தவன் அப்படியே சிறிது நேரம் நிமிரவில்லை. பிறகு ஒவ்வொன்றாக இழுத்து வெளியே போட்டான். முதலில் அறுத்தவை மஞ்சளித்துச் சுருங்கியிருந்தன, நடுவில் அறுத்தவை அழுகத் தொடங்கியிருந்தன, கடைசிக் காயில் இன்னும் பனி ஈரம் இருந்தது. வாசலில் நின்றவர்கள் பேயறைந்த மாதிரி பார்த்தார்கள். பங்கு போட்ட கையா இது? சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்திருந்த தேசம்மா எழுந்திருக்கப் பார்த்தாள், கால் வரவில்லை.

“அப்படியே அண்ணன் மாதிரி” என்றான் கன்னியப்பன். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

நான் திருடவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தாள் தேசம்மா. திறந்த வாய் திறந்தபடியே நின்றுவிட்டது. இதே வார்த்தையைத்தான் அன்றைக்குக் கோதண்டமும் சொன்னார், இப்படித்தான் கட்டிலுக்குப் பக்கத்தில், இப்படித்தான் எல்லோரும் வாசலை அடைத்துக்கொண்டு நிற்க. பேர் சொல்ல மாட்டேன் என்றார். யாருக்குன்னு கேக்கக் கூடாது, பேர சொல்லக் கூடாது என்று இந்தக் கட்டடத்துக்கே தான் சட்டம் போட்டபோது, அது யாருடைய வார்த்தை என்று அவளுக்குத் தோன்றவே இல்லையே. அந்த மூட்டைகள் நிஜமாகவே கூச்சப்பட்ட யாருக்கோ வைத்தவை. அவர் திருடவில்லை. தான் பானையைக் கவிழ்த்த இருபது நாளும் அந்த மனுஷன் பட்டினியாகவே கிடந்து செத்திருக்கிறார். இத்தனை வருஷம் கழித்து, ஊர் பார்க்கத் தரையில் உட்கார்ந்திருக்கும்போது அது அவளுக்குத் தெரிந்தது.

சுபைதா கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். காய்களைப் பார்த்தாள், ஒன்றில்கூட அரிவாள்மணை பட்டிருக்கவில்லை. அடுப்பின்மேல் கை வைத்துப் பார்த்தாள். அரிசி டப்பாவைத் திறந்து மூடினாள். வாசலில் இருந்த சின்னப் பக்கெட்டைத் தூக்கிவந்து தரையில் கவிழ்த்தாள், வெங்காயத்தோல் விழுந்தது, தோலோடு சேர்ந்து பச்சை நூல் விழுந்தது. எருவில் நூலைப் போடாதேடி, மக்காது என்று தேசம்மா தன்னைத் திட்டாத நாளில்லை; இது தன் வீட்டுத் தோல், தான் நேற்றுக் கொடுத்தது. சுபைதா அப்படியே மண்டியிட்டு உட்கார்ந்து, தேசம்மாவின் முகத்துக்கு நேரே முகத்தை வைத்து, பல மாதமாக அந்தக் கட்டடத்தில் யாரும் கேட்காததைக் கேட்டாள்.

“சாப்ட்டாச்சாக்கா?”

கேட்டுவிட்டு அவள் எழுந்து போகவில்லை. வாசலில் நின்ற யாரும் நகரவில்லை. தேசம்மா வாய், பழக்கத்தில், ஆச்சு என்று சொல்லக் குவிந்தது. சுபைதா காத்திருந்தாள்.

“இல்ல” என்றாள் தேசம்மா.

பதினேழாம் பிளாக்கில் அந்தக் கேள்விக்கு அப்படி ஒரு பதிலை அதுவரை யாரும் கேட்டதில்லை. ராஜகாந்தம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கன்னியப்பன் காய்களுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்தான், செல்போன் வெளிச்சத்தை அணைக்கத் தோன்றாமல் கையில் வைத்திருந்தான்.

“அண்ணி. அன்னிக்கும் நான்தான் குனிஞ்சு பாத்தேன்.”

“நான் பக்கத்துல நின்னேன்பா” என்றாள் தேசம்மா. அதற்கப்புறம்தான் அவளுக்கு அழுகை வந்தது, கோதண்டம் செத்தபோது வராத அழுகை, அதை அடக்க யாரும் முயற்சி பண்ணவில்லை.

அன்று பகல் மூன்றாம் மாடி நடையில் அடுப்பை வெளியே எடுத்துவைத்து நல்ல காயாக இருந்ததையெல்லாம் ஒரே அண்டாவில் போட்டார்கள். கருவாடு போடுவதா தேங்காயா என்று வழக்கம்போலச் சண்டை வந்து, எல்லாவற்றையும் போட்டார்கள். முதல் தட்டு பலராமன் மகளுக்கு, இரண்டாவது தேசம்மாவுக்கு. இனிமேல் கேட்க வேண்டும், கேட்டால் பதில் வரும்வரை நிற்க வேண்டும் என்று சாப்பிட்டுக்கொண்டே முடிவு செய்தார்கள். அதிலிருந்து அந்த பிளாக்கில் படியேறி இறங்க அரைமணி நேரம் ஆகிறது, வேலைக்குத் தாமதமாகிறது என்று திட்டிக்கொண்டேதான் நிற்கிறார்கள். கேட்கிறவர்கள் இருப்பதாலோ என்னவோ, கொடி மறுபடி பூப்பதோடு நிறுத்திக்கொண்டது. தேசம்மா பங்கில் தனக்கும் ஒரு கட்டுக் கீரை எடுத்துக்கொள்ளப் பழகினாள்.

ஒரே ஒரு காய் மட்டும் மறுநாள் காலையில் வந்தது. மேற்குப் பக்கத்தில், ஜன்னலே இல்லாத அந்த நெட்டைச் சுவரில், நாலாம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவில், எந்தக் கையும் எட்டாத இடத்தில் தொங்கியது. யார் வீடு என்று கேட்க அங்கே வீடே இல்லை. அண்ணாந்து பார்த்தார்கள், தேசம்மாவைப் பார்த்தார்கள், யாருக்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. அது முற்றவும் இல்லை, விழவும் இல்லை.

தினமும் தண்ணீர் ஊற்றி முடித்ததும் தேசம்மா மேற்குப் பக்கக் கைப்பிடிச் சுவருக்குப் போகிறாள். இரண்டு கையையும் ஊன்றிக் கீழே குனிந்து, அந்தக் காயைப் பார்த்துக் கேட்கிறாள்.

“இன்னாய்யா, சாப்ட்டியா?”

கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்கிறாள்.